துணைக்கு வந்தவள்

என் அத்தை மகள் சீனாவுக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போகிறாள் என்ற செய்தியை எங்கள் தெருவில் முதலில் சொன்னவள் நான்தான். வேறு யாராவது வந்து என்னிடம் சொல்ல, நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய நிலைமை வரக்கூடாது என்று முந்திக்கொண்டேன். தேங்காய்க் கடைக்காரர், மாடி வீட்டுக்காரர், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா என்று ஒருவர் விடாமல் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"நீதானே இங்கிலீஷ் படிச்ச பொண்ணு?"

ஆமாம், நான்தான். கல்லூரியில் இங்கிலீஷை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்தவள் நான். அவள் படித்தது புவியியல், அதுவும் தபால் வழியில். இதை நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதற்காக உண்மை உண்மையில்லாமல் போய்விடுமா?

நாங்கள் இருப்பது யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீடு. அப்பா பருப்பு மண்டியில் வேலை பார்க்கிறார். இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு. அத்தை கட்டிக்கொண்டது பர்மாக்காரரை. அவர்களுடைய ஒரே மகள் அவரைப் போலவே வெளுப்பு, வட்ட முகம், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசினால் நாட்காட்டியில் வருகிற பெண் போல இருப்பாள். நான் என் அப்பாவின் நிறம், அப்பாவின் மூக்கு. இருவரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள் என்பதால் எதற்கெடுத்தாலும் ஒப்பிடுவார்கள். படிப்பு எனக்கு, முகம் அவளுக்கு என்று குடும்பத்தில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய குறையில்லை. முகத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லையே என்று இருந்தேன்.

எங்கள் படிப்பு முடிந்தபோது ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் வயசுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் ஜப்பான் மொழி வகுப்பு, கொரிய மொழி வகுப்பு, இல்லையென்றால் பாஸ்போர்ட் வரிசை. என் தோழிகளில் பாதிப் பேர் பாங்காக்கில் ஏதோ ஒரு கடையில் நின்றார்கள். நான் மட்டும் வீட்டு முன்னறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஓர் ஆசை இருந்தது. படித்த படிப்புக்கு வேலை வேண்டும். தட்டு கழுவவோ, முதியவர்களைக் குளிப்பாட்டவோ போகமாட்டேன், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தான் போவேன். எங்கள் குடும்பத்தில் படித்த படிப்பை வைத்துச் சம்பளம் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அந்த முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். நான் கண்டேன், அவள் அல்ல. குன்மிங் நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பாலர் பள்ளிக்கு இங்கிலீஷ் ஆசிரியை தேவை. தங்க இடம், சாப்பாடு, சம்பளம். விவரத்துக்குச் சைனா டவுனில் உள்ள ஒரு சீன மொழி வகுப்பில் விசாரிக்கவும்.

அம்மாவிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேலைன்னு கூட்டிட்டுப் போயி எல்லையில வித்துடறானாம். தெனம் கேக்கறோம். தனியா எல்லாம் போவ வேணாம்."

"விசாரிக்கத்தாம்மா போறேன்."

"அப்ப அத்தை மகளைத் துணைக்குக் கூட்டிக்க. அவளுக்கு வாய் உண்டு. வாயுள்ள புள்ள பொழைக்கும்."

இப்படித்தான் அவள் வந்தாள். துணைக்கு வந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையை நான் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். கேட்டதால் என்ன பயன்?

அந்த மொழி வகுப்பு ஒரு நகைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. நடத்துபவர் யாங்கோனிலேயே பிறந்த சீன அக்கா ஒருவர், பர்மிய மொழியில் படபடவென்று பேசுகிறவர். சுவரில் பெரிய டி.வி., அதில் வீடியோ அழைப்பில் அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை வரப்போகிறார் என்றார். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு மதியம் வரைதான் மின்சாரம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"நீயும் டிகிரி முடிச்சவதானே? கரண்ட் போறதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்தே உக்காருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு, ஆனாடே. கூச்சம், தாட்சண்யம், அடுத்தவர் மனம் நோகுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்த ஒன்று. பர்மாவில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டுவது. தமிழர்களும் தப்பவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் எவ்வளவு பசித்தாலும் சாப்பிட்டுவிட்டேன் என்போம். நம்மைப் புகழ்ந்தால் இல்லை என்போம். நம்மோடு வந்தவரை முன்னே தள்ளுவோம், அவர் நம்மை முன்னே தள்ளுவார், கடைசியில் யார் தகுதியோ அவர் முன்னே போவார். இந்த விளையாட்டு இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் ஆடவேண்டியது. அன்றைக்கு நான் "அவளும் பேசட்டும்" என்று நகர்ந்து இடம் விட்டேன்.

திரையில் வந்த அம்மாள் குட்டை முடி, கண்ணாடி, கையில் மூடி போட்ட வெந்நீர்க் குவளையோடு இருந்தார். இங்கிலீஷ் நறுக்கென்று இருந்தது. என்னை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், ஓர் இடம்கூடத் தடுக்கவில்லை. நிறங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்றார். படம் காட்டுவது, திரும்பச் சொல்ல வைப்பது, வாக்கியத்தில் சேர்ப்பது என்று முறையாக விளக்கினேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அவள் முறை வந்தது. வாசிக்கும்போது மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தாள். நிறம் என்றதும் காலில் கிடந்த சிவப்புச் செருப்பைக் கழற்றி எடுத்து, திரையின் முன்னால் பறவை மாதிரிப் பறக்கவிட்டு, "ரெட்! ரெட்!" என்று கத்தினாள். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கண்ணை உருட்டித் தேடினாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். செருப்பை வைத்துப் பாடமா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியாக அவர் குவளையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஓர் இடம்தான் இருக்கிறது. உங்கள் இருவரில் யார் நல்ல ஆசிரியை?"

அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பை இன்னும் காலில் மாட்டவில்லை. அவளை வைத்துக்கொண்டு நான்தான் என்று எப்படிச் சொல்வது? நான் நல்ல இங்கிலீஷில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன். "அவள்தான் என்னைவிட நல்ல ஆசிரியை. என் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருக்காது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். இப்போது அவள் சொல்ல வேண்டியது என்ன என்று யாங்கோனில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். "இல்லை, இவள்தான்" என்று சொல்ல வேண்டும். அவள் என்னை ஒரு மாதிரி ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர, "தேங்க் யூ" என்றாள். சற்று நேரத்தில் மின்சாரம் போய்விட்டது.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை என்று செய்தி வந்தது.

அம்மாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. "அவ செவப்பு. வேற என்ன?" அப்பாவும் அதையே சொன்னார். தேங்காய்க் கடைக்காரரும் சொன்னார். இந்த நிறத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத பேச்சில்லை, பேருந்தில் கேட்காத சொல்லில்லை, ஆகையால் எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. சீனாக்காரி முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டாள். முகத்துக்கும் மார்க் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் எனக்கு நல்ல துணையாக இருந்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கூடவே இருந்தது.

அவள் கிளம்பின அன்று அத்தை அவளை வாசலில் நிறுத்தித் திருஷ்டி சுற்றினாள். சூடத் தட்டைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று அத்தை முணுமுணுக்க முணுமுணுக்க, நான் தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். உறவுக் கண் எது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தால் தட்டை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள்.

போன புதிதில் அவள் எனக்குத் தினமும் குரல் செய்தி அனுப்புவாள். பாதி பர்மியம், பாதி தமிழ். "நாளைக்கு மிருகங்க பாடம்டி. எப்படி ஆரம்பிக்கிறது?" நான் பாடத்தை முழுதாக எழுதி அனுப்புவேன். என்ன கேட்க வேண்டும், பிள்ளைகள் என்ன சொல்வார்கள், எப்போது படத்தைத் திருப்ப வேண்டும், எல்லாம். என் பாடம் சீனாவில் நடக்கிறது, சம்பளம் அவளுக்குப் போகிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரியும். ஆனாலும் எழுதுவேன். பிறகு ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

கேட்பதற்குப் பதிலாக வீடியோ போட ஆரம்பித்தாள். பஞ்சுக் கோட்டுப் போட்ட குண்டுக் குண்டுப் பிள்ளைகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி, தரையில் உருண்டு கூத்தடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாக நான் லைக் போட்டேன். தாமதித்தால் என் மனசு வெளியே தெரிந்துவிடுமே.

நானும் சீனர்களிடம்தான் வேலைக்குப் போனேன், யாங்கோன் ஓரத்தில் இருக்கிற லைங் தாயாவுக்கு. அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் அலுவலக வேலை. வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை இங்கிலீஷில் எழுத வேண்டும், சீன மேலாளர் இங்கிலீஷில் சொல்வதைப் பெண்களுக்குப் பர்மிய மொழியில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, நிற்க இடம் பிடித்து, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் ஃபோனையும் பிடித்துக்கொண்டு அவளுடைய பிள்ளைகளைப் பார்த்தபடி போவேன். பிறந்த நாளுக்கு அவளுக்குக் காகிதக் கிரீடம் வைத்தார்கள். எனக்கு அன்றைக்குச் சட்டைப் பொத்தான் பற்றி நான்கு கடிதங்கள்.

ஒரு நாள் புது ஆட்கள் எடுத்தார்கள். மேலாளர் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார், நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். மாவ்பி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முன்னால் நின்று, "காலர் தைக்கத் தெரியுமா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம்தாங்க" என்றாள். நான் "எ லிட்டில்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார். அதுதான் இருக்கிற வேலையிலேயே குறைந்த கூலி.

இரண்டு நாள் கழித்துத் தையல் பகுதி லைன் லீடர் வந்து என்னிடம் சத்தம் போட்டார். அந்தப் பெண் முந்தின தொழிற்சாலையில் வருஷக்கணக்காகக் காலர் மட்டுமே தைத்தவளாம். காலருக்கு ஆள் இல்லாமல் நாங்கள் தவிக்கிறோம், அவளை நூல் வெட்ட வைத்திருக்கிறீர்களே என்றார். நான் அவளைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் கெட்டிக்காரின்னு என் வாயாலயே எப்படிச் சொல்றது, சயாமா?" என்றாள். சயாமா என்றால் டீச்சர். அலுவலகத்தில் இருக்கிற பெண்களை எல்லாம் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பக்கத்துல மத்தவங்க எல்லாம் நிக்கிறாங்க. ஆனாடே."

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். அந்தக் குட்டை முடி அம்மாள் குவளையைக் கீழே வைத்ததும், கேட்டதும், நான் பதில் சொன்னதும் அப்படியே முன்னால் வந்து நின்றது. அவர் எங்கள் முகத்தைப் பார்த்து எடுக்கவில்லை. கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், அதை அவர் நம்பினார். அவ்வளவுதான் நடந்தது. நிறம்தான் காரணம் என்று இருந்தபோது கோபப்படுவதற்கு ஊர் உலகம் முழுக்க இருந்தது. இப்போது யாரைக் கோபித்துக்கொள்வது? காரணம் போயிற்று, பொறாமை போகவில்லை. முன்னைவிட அதிகமானது. நானே எடுத்துக் கொடுத்ததை அவள் "தேங்க் யூ" என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாளே.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அம்மாளே என் ஃபோனுக்கு வீடியோ அழைப்பில் வந்தார். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு வகுப்புத் தொடங்குகிறார்களாம். வாசிக்கவும் எழுதவும் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். என் அத்தை மகள் என் பெயரைச் சொன்னாளாம்.

"உன்னை எனக்கு நினைவிருக்கிறது," என்றார். "நன்றாக வாசித்தாய். ஆனால் உன் இங்கிலீஷ் நன்றாக இருக்காது என்று நீயே சொன்னாய். இப்போது எப்படி?"

"அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் நன்றாக இருக்கிறது," என்றேன்.

"உன் அத்தை மகளைவிடவா?"

அந்த மாவ்பிப் பெண் நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேசை எனக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாம். அவளைவிட நான் நல்ல ஆசிரியை. ஆரம்பத்தில் அவள் நடத்தின பாடங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தது நான்தான்."

பிறந்ததிலிருந்து நான் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அது. சொல்லி முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த அம்மாள் தலையைத் திருப்பித் தன் பக்கத்தில் பார்த்தார். ஃபோன் கொஞ்சம் நகர்ந்தது. அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அன்னைக்குச் சொன்னது ஆனாடேயாடி?" என்றாள் தமிழில்.

"ஆமா," என்றேன்.

"நான் நெசம்னு நெனைச்சேன்," என்றாள். "வந்த புதுசுல புள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை. நானும் கக்கூசுல போயி அழுவேன். திரும்பி வந்துடலாம்னு பெட்டிகூடக் கட்டினேன். அப்பெல்லாம் நீ சொன்னதைத்தான் நெனைச்சுக்குவேன். இங்கிலீஷ் படிச்சவ நீ. நீயே என்னை நல்ல டீச்சர்னு சொல்லியிருக்க. அப்ப ஏதோ இருக்கும்னுட்டுத் திரும்ப கிளாசுக்குள்ள போவேன்."

அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பி, ஒரு பிழையோடு, ஆனால் கொஞ்சமும் தயங்காமல், இங்கிலீஷில் சொன்னாள். "இவள் சொல்வது உண்மை. இவளை எடுத்துக்கொள்ளுங்கள்."

எடுத்துக்கொண்டார். அம்மா கேட்டதும் கோயிலுக்கும் புத்த விகாரைக்கும் ஒரே நாளில் போய்விட்டு வந்தாள். அப்பா மண்டியில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டு வந்தேன். நினைத்த வேலை, படித்த படிப்புக்கான வேலை, எனக்கே எனக்காகக் கிடைத்தது. அன்றைக்கு நான் பறக்க வேண்டியது. ஆனால் ஒரே யோசனையாக இருந்தது. நான் ஒப்புக்குச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவள் டீச்சர் ஆகிவிட்டாள். எல்லாம் தெரிந்த நான் பொத்தானுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. குளிர் அதிகம், கம்பளிச் சட்டை இரண்டு கொண்டு வா, அரிசி நம்ம ஊர் மாதிரி இருக்காது, ஊறுகாய் எடுத்து வை என்று ஏதேதோ சொன்னாள். கோபமாகவே இல்லை. முடிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு மட்டும்டி. இங்க வந்தப்புறம் அந்தப் புள்ளைங்க முன்னால என்னைவிட நீதான் நல்ல டீச்சர்னு சொல்லிடாத. அதுங்க என்னை நம்புதுங்க" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று பதில் அனுப்பினேன். சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் பொறாமையெல்லாம் இப்போது அந்த நம்பிக்கை மேல்தான் இருக்கிறது.